திருப்பும்போது ஏறிய சத்தம்

கிறிஸ்துராஜுக்கு வண்டியில் ஒரு குற்றம் வேண்டியிருந்தது. அதுவும் ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை முதல் ஷிப்ட் முடிந்ததும் மில் உடுப்பைக்கூட மாற்றாமல், தலைமயிரில் பஞ்சுத் தூசியோடு, புல்லட்டைப் பேகம்பூர் சந்துக்குள் கொண்டுவந்து ஜமால் முகமதுவின் பட்டறை முன்னால் நிறுத்தினான். பங்குனி பிறந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் சந்துச் சுவரைத் தொட்டால் சுட்டது. ஜமால் தகரக் கூரைக்கு அடியில் ஈரச் சாக்கை விரித்து, அதன்மேல் உட்கார்ந்து ஏதோ ஒரு பித்தளைத் துண்டை ஊதிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது. புல்லட்டைத் தவிர வேறு வண்டியைத் தொடமாட்டார்.

"என்ன ராசு, வண்டிக்கு என்ன?"

"குதிக்குது பாய். முறுக்குனா மொதல்ல ஒண்ணுமே இல்ல, தூங்குது. அப்புறம் மொத்தமாத் தூக்கிட்டுப் போகுது. விட்டா வெடுக்குன்னு இழுக்குது. அறுவதுக்கு மேல போனா கையும் காலும் மரத்துப் போகுது. கண்ணாடியில பின்னாடி வர்றது லாரியா பஸ்ஸான்னு தெரியல, அம்புட்டு அதிருது."

ஜமால் வண்டியை எடுத்துக்கொண்டு சந்து முக்கு வரை போய்த் திரும்பினார். இறங்கி, சூடான இன்ஜின்மேல் உள்ளங்கையை ஒரு நொடி வைத்து எடுத்தார்.

"பத்து வருச வண்டி. தேய்மானம் இருக்கத்தான் செய்யும். ஒவ்வொண்ணாப் பாத்தா மெத்துன்னு ஆயிரும். அவசரமா?"

"ஞாயித்துக்கெழம நெய்க்காரப்பட்டி போகணும். அதுக்குள்ள வேணும். அது மட்டுமில்ல பாய். அன்னிக்கு இது ஏன் தானாப் பாஞ்சுச்சுன்னு எனக்குத் தெரியணும். வண்டியிலதான் குத்தம்னு நீங்க ஒரு வார்த்த சொல்லணும்."

ஜமால் அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"இருந்தாத்தானய்யா சொல்ல முடியும்?"

நாற்பது நாளாகக் கிறிஸ்துராஜின் வீட்டில் மகேஸ்வரி இல்லை.

வேடசந்தூர் ரோட்டில் இருக்கும் நூல் மில்லில் அவன் ஃபிட்டர். அவள் அங்கே நூல் சுற்றும் பிரிவில் வேலைக்கு வந்தவள். நெய்க்காரப்பட்டியில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் வேலுசாமியின் ஒரே மகள். தொண்ணூற்றைந்தில் இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டபோது வேலுசாமி ஒரு வார்த்தை திட்டவில்லை, சாபம் விடவில்லை. மகள் பேச்சையே விட்டுவிட்டார். ஒன்பது வருடம். அம்மா மட்டும் அவ்வப்போது டெலிபோன் பூத்துக்குப் போய், இவர்கள் பக்கத்து வீட்டுப் போனுக்குக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசுவாள். பிள்ளை இல்லை. மகேஸ்வரி மில்லை விட்டுவிட்டு வீட்டில் தையல் மிஷின் போட்டாள். ரவிக்கை தைப்பதில் அவள் கைக்கு அந்தத் தெருவில் பெயர் இருந்தது.

அந்தப் புல்லட்டை வாங்கச் சொன்னதே அவள்தான். கொடைக்கானலில் எஸ்டேட் பார்த்த ஒருவர் ஊர் ஊராகச் சுற்றுவதற்கென்றே வைத்திருந்த வண்டி. இரண்டு பக்கமும் இரும்புப் பெட்டி, முன்னால் காற்றுத் தடுக்கும் கண்ணாடி, பின்னால் சாய்ந்துகொள்ளத் திண்டு. அதற்கு நீல ரெக்ஸின் உறை தைத்துப் போட்டாள். வேளாங்கண்ணி, கன்னியாகுமரி, மூணாறு என்று இரண்டு வருடத்தில் மூன்று பயணம். எங்கே நின்று சாப்பிடுவது, எந்த ஊரில் தங்குவது என்பதெல்லாம் அவள் முடிவு. வண்டி ஓட்டுவது மட்டும் அவன்.

இந்தத் தையில் வேலுசாமியிடமிருந்தே சொல் வந்தது. பூசத்துக்கு இரண்டு பேரும் வரட்டும் என்றிருந்தார். அன்றைக்கு ராத்திரியே மகேஸ்வரி அப்பாவுக்கு ஒரு வெள்ளைச் சட்டை தைத்தாள். அளவு தெரியாது. ஒன்பது வருடத்துக்கு முந்தைய உடம்பை நினைவில் வைத்துத் தைத்தாள்.

பூசத்தன்று ஒட்டன்சத்திரத்தில் பழனிக்கு நடந்துபோகும் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தது. மார்க்கெட்டுக்கு முன்னால் கிறிஸ்துராஜ் வண்டியை நடை வேகத்துக்குக் குறைத்து, கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு போக ஹேண்டிலை இடது பக்கம் முழுக்கத் திருப்பினான். வண்டி உறுமிக்கொண்டு ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. ஓரத்தில் நின்ற கரும்பு வண்டியின் சக்கரத்தில் போய் மோதியது. அவனுக்கு முழங்காலில் சிராய்ப்பு. மகேஸ்வரி தூக்கி எறியப்பட்டு நடைபாதைக் கல்லில் விழுந்தாள். வலது மணிக்கட்டு எலும்பும் காறை எலும்பும் உடைந்தன.

திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கு மூன்றாம் நாள் வேலுசாமி வேன் பிடித்து வந்தார். மகளைப் பார்த்தார். அப்புறம் ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக மருமகன் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"ஒம்போது வருசத்துல ஒருக்கா வரச் சொன்னனுங்க. முழுசாக் கொண்டாந்து உட முடியலீங்களே உங்களால."

வேனில் அவளையும், சட்டை வைத்திருந்த அவள் பையையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப்பின் கிறிஸ்துராஜ் இரண்டு தடவை பஸ்ஸில் நெய்க்காரப்பட்டி போனான். இரண்டு தடவையும் மகேஸ்வரியிடம் ஒன்றையே சொன்னான்: "வண்டிதான் மகேசு. நான் ஒண்ணுமே பண்ணல. அதுவாப் பாஞ்சிருச்சு." அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவன் குடித்துவிட்டு ஓட்டினான் என்று அவர்கள் சொந்தத்தில் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. குடியை விட்டு ஐந்து வருடமாகிறது. யாரிடம் போய்ச் சொல்வது?

போன வியாழக்கிழமை பக்கத்து வீட்டுப் பேச்சாயி அக்காவின் போனுக்கு வேலுசாமியே கூப்பிட்டார்.

"வேலுச்சாமி பேசறனுங்க. அடுத்த வாரத்து ஞாயித்துக்கெழம வாங்க. எம்புள்ளைய என்ன பண்றதுன்னு பேசி ஒரு முடிவு பண்ணிப்போடலாம்."

அவ்வளவுதான். போனை வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஜமால் பின் சக்கரத்தைக் கழற்றினார். செயின் இழுக்கும் அதிர்வைத் தாங்குவதற்குச் சக்கரத்தின் நடுவில் ரப்பர் துண்டுகள் இருக்கும். அவை காய்ந்து இறுகி, பாதி தூளாகியிருந்தன. ஜமால் அந்தத் தூளை உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார்.

"இதா பாய்?"

"இது நீ விட்டா வெடுக்குன்னு இழுக்குதே, அதுக்கு. வண்டி தானாப் பாயறதுக்கு இது இல்ல."

புது ரப்பர் போட்டார். செயினை இரண்டு பக்கமும் ஒரே அளவாக வைத்து இறுக்கினார்.

செவ்வாய்க்கிழமை கார்பரேட்டர். முறுக்கினால் அதற்குள் ஏறி இறங்கும் குழல் ஒரு பக்கம் தேய்ந்து, பாதி வழியில் ஒட்டி ஒட்டி நின்றது. கார்பரேட்டர் இன்ஜினோடு சேரும் இடத்தில் பேக்கிங் நைந்து காற்றுக் கசிந்தது. கிறிஸ்துராஜ் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஜமாலின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது?"

"இது முறுக்குனா தூங்குறதுக்கு. ஒட்டி நின்னு அப்புறம் எந்திரிக்கிதுல்ல, அதான் மொத்தமாத் தூக்குது."

"அப்ப இதுதான பாய்?"

"நீ முறுக்குனாத்தான் இது எந்திரிக்கும். முறுக்கலன்னு நீதான சொல்ற?"

ஜமால் டீ வாங்கிவரச் சொன்னார். அவன் வாங்கி வந்து தன் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றான். அது ஆறி ஆடை படர்ந்தது.

புதன்கிழமை அதிர்வைப் பிடித்தார்கள். அது கிறிஸ்துராஜுக்கும் தெரிந்த வேலை. மில்லில் நூல் முறுக்கும் ஆயிரம் கதிர்கள் சுற்றும் சத்தத்துக்கு நடுவே ஒன்று ஆடினாலும் அவன் காதுக்குத் தெரிந்துவிடும். நூறடி தள்ளி நின்று, எந்த மிஷினில் எத்தனையாவது கதிர் என்று சொல்வான். மேனேஜரே அதைப் பிறத்தியாரிடம் பெருமையாகச் சொல்வதுண்டு. இன்ஜினைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளில் இரண்டு தளர்ந்திருந்தன. இன்ஜின் தலையை மேலே கட்டியிருக்கும் பட்டை விரிசல் விட்டிருந்தது. பட்டையை வெல்டிங் வைத்து வந்தான். போல்ட்டுகளை ஒவ்வொன்றாக, இன்ஜினைத் தன் எடைக்குத் தானாக உட்காரவிட்டு, குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி இறுக்கினான். ஜமால் ஸ்பேனரை அவன் கையிலேயே விட்டுவிட்டார்.

வியாழக்கிழமை இருவரும் மதுரை ரோட்டில் கொடைரோடு வரை ஓட்டிப் போனார்கள். போகும்போது ஜமால், வரும்போது கிறிஸ்துராஜ். பிடியில் மட்டும் கொஞ்சம் ஆட்டம் இருந்தது; முறுக்கினால் வண்டி தூங்காமல் அளவாகக் கேட்டது. விட்டால் நைசாக அடங்கியது. எழுபதில் போகும்போதும் கண்ணாடியில் பின்னால் வந்த லாரியின் நெற்றியில் எழுதியிருந்த பெயரைப் படிக்க முடிந்தது. வாங்கிய நாளில்கூட வண்டி இப்படி ஓடியதில்லை.

பட்டறைக்கு வந்ததும் ஜமால் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"வண்டி அருமையா இருக்கு ராசு. ஆனா நீ கேட்டது இதுல இல்ல."

"இன்னும் பாருங்க பாய்."

"பாத்தாச்சு. கூட்டத்துல ஒரு பதட்டத்துல கையி முறுக்கிருக்கும். எல்லாருக்கும் நடக்குறதுதான்."

"முறுக்கல. சத்தியமாச் சொல்றேன், முறுக்கல."

"கையி செஞ்சது மனசுக்குத் தெரியாமப் போயிரும்யா சில நேரம்."

அன்று இரவு சோறு இறங்கவில்லை. மறுநாள் மில்லில் மிஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது, நின்ற இடத்தில் வலது கையை நீட்டிக் காற்றை மெல்ல முறுக்கிப் பார்த்தான். ஹேண்டிலை இடது பக்கம் தள்ளுவதுபோல் தள்ளிப் பார்த்தான். தோள் முன்னால் போகும்போது மணிக்கட்டு தானாக மடங்குகிறதா? மடங்குவதுபோலவும் இருந்தது, இல்லை போலவும் இருந்தது. ஒரு பெண் நூல் அறுந்த கதிரை விட்டுவிட்டு அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெள்ளிக்கிழமை பட்டறை கிடையாது. சாயங்காலம் பேச்சாயி அக்கா கிண்ணத்தில் புளிக்குழம்போடு வந்தாள்.

"வெறுஞ்சோத்தப் பொங்கி வச்சா ஆச்சா அப்பு? வெஞ்சனம் வேணாமா? ஞாயித்துக்கெழம நல்லவிதமாப் பேசு. கோவப்பட்டுறாத."

"நான் எதுக்குக்கா கோவப்படப் போறேன்? என்ன பேசுறதுன்னுதான் தெரியல."

சனிக்கிழமை வண்டியை எடுக்கப் போனான். ஜமால் கடைசி வேலையாக ஆக்சிலேட்டர் கேபிளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேபிளு தொளதொளன்னு கெடக்கு. பிடியில கால் இஞ்சு ஆட்டம். யாரு இப்பிடி விட்டது?"

"விழுந்தன்னிக்கு ஹேண்டில் வளஞ்சிருச்சு பாய். ஒட்டன்சத்திரத்துல ஒருத்தரு நிமித்திக் குடுத்தாரு. அவரு விட்டிருப்பாரு."

"ஆட்டத்த எடுத்துவிடுறேன். முறுக்குன ஒடனே கேக்கும்."

திருகாணியைத் திருகி, கேபிளின் தொய்வை எடுத்தார். ஸ்டார்ட் செய்தார். வண்டி தட்தட்டென்று ஒரே சீராகத் துடித்தது. அப்போது சந்துக்குள் தண்ணீர்க் குடங்களோடு ஒரு தள்ளுவண்டி வந்தது. வழி விடுவதற்காக ஜமால் ஓடிக்கொண்டிருந்த வண்டியின் ஹேண்டிலை இடது பக்கம் ஒடித்துத் தள்ளினார். பிடியில் அவர் கை இல்லை. கண்ணாடிக் கம்பியைப் பிடித்துத்தான் தள்ளினார்.

இன்ஜின் உறுமியது.

ஜமால் அப்படியே நின்றார். ஹேண்டிலை நேராக்கினார். சத்தம் அடங்கியது. மறுபடி இடது பக்கம் ஒடித்தார். உறுமல் ஏறியது. யாரும் முறுக்காமலே ஏறியது.

"பாய்!" கிறிஸ்துராஜின் குரல் உடைந்தது. "பாய், நான் முறுக்கல! பாத்தீங்கல்ல? நான் முறுக்கவே இல்ல!"

அவன் அந்தச் சந்திலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். தள்ளுவண்டிக்காரர் என்னவோ ஏதோ என்று நின்று பார்த்துவிட்டுப் போனார். ஜமால் இன்ஜினை நிறுத்திவிட்டு, டேங்குக்கு அடியில் விரலை விட்டுக் கேபிள் போகும் வழியைத் தடவிக்கொண்டே போனார். நேராக இருக்கும்போதே கேபிள் விறைத்து நின்றது. ஹேண்டில் திரும்பினால் அதற்கு நீளம் போதவில்லை. உள்ளே ஓடும் கம்பி இழுபட்டது.

"கேபிளு நீளம் பத்தல. இது பழைய தணிஞ்ச ஹேண்டிலுக்கு உள்ள கேபிளு. இந்த ஹேண்டிலு ஆறு இஞ்சு ஒசரம். தொய்வா விட்டிருந்ததால இம்புட்டு நாளு தெரியல." அவர் நிமிர்ந்தார். "இந்த ஹேண்டில யாரு மாத்துனது?"

கிறிஸ்துராஜ் முகத்திலிருந்து கையை எடுத்தான். முகத்தில் இருந்த சந்தோஷம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

கிறிஸ்துமஸ் லீவில் அவன்தான் மாற்றினான். தூரப் பயணத்துக்கு முதுகு நிமிர்ந்து உட்காரலாம் என்று உயர ஹேண்டில் வாங்கி வந்து, வாசலில் வைத்துத் தன் கையாலேயே மாட்டினான். கடையில் நீளக் கேபிள் அன்றைக்கு இல்லை, ஒரு வாரத்தில் வரும் என்றார்கள். இருக்கிறதையே இழுத்து மாட்டிவிட்டான். அப்புறம் அந்தக் கடைக்குப் போகவே இல்லை. பூசத்துக்கு முந்தின சாயங்காலம், பிடியில் ஆட்டமாக இருக்கிறதென்று கேபிளை இறுக்கியதும் அவன்தான்.

அது மட்டுமல்ல. பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் பேருந்து நிலையத்துப் பக்கம் திரும்பும்போது பின்னாலிருந்து மகேஸ்வரி சொன்னாள்: "வளையறப்ப என்னமோ உறுமுதுங்க. முந்தி இப்பிடி இல்ல." இரண்டு நாள் கழித்து மறுபடியும் சொன்னாள். பேச்சாயி அக்காவும் தெருவில் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். அவன் சிரித்தான். "புல்லட்டுன்னா உறுமத்தான் செய்யும். தையல் மிஷின்னு நெனச்சியா?" எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அதற்குப்பின் அவள் சொல்லவில்லை.

"நாந்தான் பாய்" என்றான். "ஹேண்டில மாத்துனது நாந்தான். அவ சொன்னா. ரெண்டு தடவ சொன்னா."

ஜமால் எழுந்து, சந்து முக்கில் இருக்கும் கடைக்குப் போய் நீளக் கேபிள் வாங்கி வந்தார். பழையதை உருவிவிட்டு, புதியதை வளைவு எதுவும் முறியாமல் டேங்குக்கு அடியில் தாராளமாக விட்டு மாட்டினார். இந்தப் பக்கம் ஒடித்துப் பார்த்தார், அந்தப் பக்கம் ஒடித்துப் பார்த்தார். சத்தம் மாறவில்லை.

"ராசு, அங்க போயி கேபிளு மோசம், அதுனாலதான் பாஞ்சுச்சுன்னு சொல்லு. பொய்யி இல்லல்ல? மெக்கானிக் பாத்துச் சொன்னான்னு சொல்லு. அவுங்க கேட்டா நானே போன்ல சொல்றேன். அதுக்கு மேல யாரும் நோண்ட மாட்டாங்க."

கிறிஸ்துராஜ் சாவியை வாங்கிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பி, வழியெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான். கேபிளு மோசம் மாமா. மெக்கானிக்கே சொன்னாரு. அதில் பொய் இல்லை. ரெட்டியார்சத்திரம் தாண்டும்போது அது சுலபமாக வந்தது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டைத் தாண்டியபின் பாதியில் நின்றது.

வேலுசாமியின் வீடு தோப்புக்குள் இருந்தது. வாசலில் உரித்த தேங்காய்கள் குவிந்து கிடந்தன. வேலுசாமி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான, நெடிய ஆள். பக்கத்து நாற்காலியில் அவர் பங்காளி பொன்னழகு. புல்லட்டைப் பார்த்ததும் இரண்டு பேர் முகமும் மாறியது.

"அதே வண்டியிலயா வந்தீங்க?" என்றார் பொன்னழகு.

"அதே வண்டிதாங்க."

"வாங்க. மொதல்ல சாப்புடுங்க" என்றார் வேலுசாமி.

மாமியார் அரிசிம்பருப்புச் சோறு போட்டு நெய் ஊற்றினாள். மகேஸ்வரி சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து, வலது கையால் சப்பாத்தி மாவு உருண்டையை அமுக்கிக்கொண்டிருந்தாள். கைப் பயிற்சிக்கு டாக்டர் சொன்னது. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மாவுக்குள் இறங்கின. மற்ற மூன்றும் பாதியில் நின்றன. கத்தரிக்கோல் பிடிக்கிற கை. அவன் சோற்றைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான்.

கை கழுவி வந்ததும் வேலுசாமி நேராகவே கேட்டார்.

"அன்னிக்குத் தண்ணி போட்டிருந்தீங்ளா?"

"இல்லீங்க மாமா. அஞ்சு வருசமாத் தொடுறதில்ல."

"எம்பொண்ணும் அப்பிடித்தான் சொன்னா. கூட்டத்துல வண்டி தடுமாறிப்போச்சுன்னா. அதுக்கு மேல ஒண்ணும் சொல்ல மாட்டீங்கறா." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சொந்தத்துல நாலு பேரு நாலு விதமாப் பேசறாங்க. நா ஒண்ணு சொல்றன், கேட்டுக்குங்க. வண்டியில கோளாறு, அதனாலதான் ஆச்சுன்னு பொன்னழகு முன்னால ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க. அந்த வண்டியையும் தலையச் சுத்தி வித்துப்போடுங்க. நா புள்ளைய அனுப்பி வெக்கறன். இதோட முடிஞ்சுதுன்னு இருந்துக்கலாம்."

பொன்னழகு தலையை ஆட்டினார். "அதுதாங்க சரி. மிஷினு. அத நம்ப முடியுங்களா?"

கிறிஸ்துராஜ் வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவர்களே கதவைத் திறந்து வைத்துவிட்டார்கள். நுழைந்தால் போதும். மாமியார் தண்ணீர்ச் சொம்போடு அப்படியே நின்றாள். உள்ளே மாவு அமுக்குவது நின்றிருந்தது.

"கேபிளுதான் மாமா" என்றான். "ஆக்சிலேட்டர் கேபிளு நீளம் பத்தல. ஹேண்டிலத் திருப்புனா வண்டி தானா உறுமும். மெக்கானிக் கண்டுபிடிச்சாரு."

"அப்பறம் என்னங்க, அவ்வளவுதான?" என்றார் பொன்னழகு.

"அந்தக் கேபிள மாட்டுனது நான்."

அவன் கையைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்க்காமல், வேலுசாமியையே பார்த்துச் சொன்னான்.

"ஒசரமான ஹேண்டில மாட்டுனேன். நீளக் கேபிளு கெடைக்கல. இருந்ததையே இழுத்து மாட்டுனேன். அது தப்புன்னு எனக்குத் தெரியும் மாமா, நான் ஃபிட்டர். மில்லுல வேற எவனாவது இப்பிடி மாட்டியிருந்தா அன்னிக்கே கழட்டச் சொல்லியிருப்பேன். கெளம்பறதுக்கு மொத நாளு அத இன்னும் இறுக்கிவிட்டதும் நாந்தான். உங்க மக உறுமுதுன்னு எங்கிட்ட ரெண்டு தடவ சொன்னா. நாலு பேரு முன்னாடி கேலி பண்ணிச் சிரிச்சேன். வண்டி மேல தப்பில்ல. வித்தாலும் எந்தப்பு எங்கிட்டத்தான் இருக்கும்."

பொன்னழகு வேலுசாமியைப் பார்த்தார். வேலுசாமியின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கட்டிலின் கயிற்றைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்திருந்தன. எழுந்தார். தோப்புக்குள் ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை நிறுத்தப் போவதுபோல் மடமடவென்று போனார். மோட்டார் சத்தம் நிற்கவில்லை. பொன்னழகு செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, "நா அப்பறமா வாரன்" என்று யாருக்கும் இல்லாமல் சொல்லிவிட்டு நடந்தார்.

மகேஸ்வரி எழுந்து வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இளைத்திருந்தாள்.

"கேபிளுன்னு எனக்குத் தெரியாதுங்க" என்றாள். "ஆனா நீங்க மாட்டுனதுக்கப்பறந்தான் உறுமுச்சுன்னு தெரியும். ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சப்பவே தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல? உங்கப்பாகிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"நா எதுக்குங்க சொல்லோணும்? ரெண்டு தடவ வந்தீங்க. வண்டிதான், வண்டிதான்னு ரெண்டு தடவையும் சொன்னீங்க. எனக்கு எலும்பு வலிச்சது கூடப் பெருசாத் தெரியல. நா சொன்னனேங்கிறது கூட உங்களுக்கு ஞாபகம் இல்லியேன்னுதான் இருந்துச்சு. சொல்லுவீங்ளா மாட்டீங்ளான்னு பாத்துட்டுத்தான் நாப்பது நாளும் உக்காந்திருந்தனுங்க."

"நேத்துத்தான் நெனப்பு வந்துச்சு மகேசு."

"வந்தது போதும்." அவள் மாவு ஒட்டிய விரல்களை முந்தானையில் துடைத்தாள். ஒவ்வொன்றாகத் துடைக்க நேரம் பிடித்தது. "நா இன்னிக்கு வர்றன். ஆனா அதுல ஏற மாட்டன். ஏறோணும்னு நெனச்சாலே அந்தக் கல்லுதான் கண்ணுல நிக்குது. அம்மாவக் கூட்டிட்டுப் பஸ்ல வர்றன். நீங்க வண்டியில போங்க."

"சரி" என்றான். "எப்ப ஏறணும்னு தோணுதோ அப்ப ஏறு. தோணலன்னா வேணாம்."

மோட்டார் சத்தம் அப்போதுதான் நின்றது. வேலுசாமி காலில் சேற்றோடு வந்தார். தொட்டித் தண்ணீரில் கால் கழுவினார். உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். வெள்ளைச் சட்டை. தோள் இரண்டு பக்கமும் தொங்கியது. அதைப் பார்த்ததும் மகேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீங்க ரெண்டு பேரும் பஸ்ல போங்க" என்றார் மனைவியிடம். பிறகு கிறிஸ்துராஜிடம் திரும்பினார். "வண்டிய எடுங்க."

"மாமா?"

"எம்பொண்ணு என்னிக்காச்சும் இதுல ஏறத்தான போறா. அதுக்கு முந்தி நா ஏறிப் பாக்கறன்."

அறுபத்தாறு வயது மனிதர். மொபெட்டைத் தவிர இரண்டு சக்கர வண்டி எதிலும் ஏறியதில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரும்புப் பெட்டியில் காலை வைத்து ஏறி, பின் இருக்கையில் விறைத்து உட்கார்ந்தார். நீல உறை போட்ட திண்டில் சாயவில்லை. கிறிஸ்துராஜின் தோளையும் பிடிக்கவில்லை. பின்னால் இருக்கும் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அவன் வாழ்க்கையில் அப்படி ஒரு தடவை வண்டி ஓட்டியதில்லை. ஒவ்வொரு கியரும் மாறும்போது பின்னால் இருக்கும் உடம்பு ஆடுகிறதா என்று முதுகால் கேட்டான். பழனி தாண்டி ரோடு விரிந்தபோதும் ஐம்பதுக்கு மேல் போகவில்லை. முறுக்கியது தெரியாமல் வண்டி போயிற்று, விட்டது தெரியாமல் அடங்கியது. வேலுசாமி மூச்சு விடும் சத்தம் மட்டும் காதுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தது.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு முன்னால் தக்காளிப் பெட்டி ஏற்றும் லாரிகள் ரோட்டை அடைத்து நின்றன.

"இங்கதானுங்ளா?" என்றது பின்னாலிருந்து குரல்.

"இங்கதான் மாமா. அந்தக் கல்லு."

"நிறுத்த வேண்டாம். அன்னிக்கு எப்பிடிப் போனீங்களோ, அப்பிடியே போங்க."

கிறிஸ்துராஜ் நடை வேகத்துக்குக் குறைத்தான். உள்ளங்கை வேர்த்துப் பிடி வழுக்கியது. இரண்டு லாரிகளுக்கு நடுவில் இடைவெளி தெரிந்தது. ஹேண்டிலை இடது பக்கம் திருப்பினான், முழுக்கத் திருப்பினான். இன்ஜின் தட்தட்டென்று அதே சீரில் துடித்தது. சுமை தூக்குகிற ஒருவர் பெட்டியோடு குறுக்கே வர, நின்று, அவர் போனபின் மெல்ல நகர்ந்து, நேராக்கி வெளியே வந்தான்.

பின்னால் நீளமாக ஒரு மூச்சு வெளியேறியது. அவர் கம்பியை விட்டுவிட்டு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மகேஸ்வரி வரும் பஸ் இன்னும் வரவில்லை. கிறிஸ்துராஜ் வண்டியை ஓரமாக நிறுத்தினான். வேலுசாமி இறங்கி, மரத்திருந்த கால்களை உதறிக்கொண்டார். வருகிற போகிற பஸ்களையும் எதிரே கடைகளையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங் மாப்ள" என்றார். "உங்க ஊடு இங்கிருந்து எந்தப் பக்கமுங்க?"